மூன்றாம் வரிசைக் கோடு

டாண்டினொங் தெற்கில்
ஒரு கிடங்கின் முன்னால்
நூற்று நாற்பது கார்களுக்கு
நான் கோடு போட்டேன்.
நூலை இழுத்து, சோக் தடவி,
ஒரு சுண்டு.
தாரில் நீலத் தடம் விழும்.
அதன் மேலே வெள்ளைப் பெயின்ற்.
பதினொரு வருஷமாய் இதுதான் என் கை.

மார்ச் மாதம், மூன்றாம் வரிசையில்
நூல் வளைந்து கிடந்தது.
இழுத்த நூல் வளையுமா?
காற்று என்று நினைத்தேன்.
ஹபீபை மறுநுனியில் காலை ஊன்றி இழுக்கச் சொன்னேன்.
இழுத்தான்.
நடுவில் அதே புடைப்பு,
எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி.
கண் இருக்கிறவனுக்கு நூல் எதற்கு என்று
மெஷினைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்து
நேராக்கிக்கொண்டே போனேன்.
கவனமாய். மூச்சைப் பிடித்து.

பின்னேரம் ஹபீப் லொறிக்கு மேல் ஏறிப் பார்த்தான்.
கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு இறங்கி வந்து கேட்டான்:
"பிரதர், இரவு நித்திரை கொண்டாயா?"

டாக்டர் லான் ஸ்கான் படத்தை
என் பக்கம் திருப்பினாள்.
விழித்திரை, வெட்டிய மண்சுவர் போல
அடுக்கு அடுக்காய்.
நடுவில் கறுப்புக் குமிழ்கள்.
"நீர்" என்றாள்.
"வெள்ளையணுக்கள் உள்ளே இறங்கிவிட்டன.
உன்னுடைய படையே உன் கண்ணை..."

படை என்ற சொல் வேண்டாம் டாக்டர் என்றேன்.

பார்த்தாள்.
ஃபைலில் நான் பிறந்த ஊரைப் பார்த்தாள்.
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"அப்படியென்றால்
வேலையாட்கள்" என்றாள்.

கண் ஒரு பூட்டின அறையாம்.
அதன் இரத்தக் குழாய்ச் சுவரில்
லேசில் இடுக்கு விடாதாம்.
வேலையாட்கள் பழகினதெல்லாம் வெளியே,
அறைக்குள் என்ன சாமான் இருக்கிறதென்று
அவர்களில் பலருக்கு யாரும் காட்டியதில்லை.
எங்கேயோ எதையோ கண்டு
ஒரு கூட்டம் எழும்பியிருக்கிறது.
எதைக் கண்டு?
"தெரியாது" என்றாள், வெட்கப்படாமல்.
சுவர் இளகின இடத்தால் நுழைந்தார்கள்.
விழித்திரையின் சொந்தப் புரதம் ஒன்று
அவர்களுக்குப் பிழையாய்த் தெரிந்தது.
குரல் கொடுத்து ஆள் சேர்த்தார்கள்.
வந்தவர்கள் தின்னிகள்.
வெளிச்சம் பிடிக்கிற கூம்புகளைத்
துப்புரவாக்கத் தொடங்கினார்கள்.
குழாய் கசிந்தது. நீர் கட்டியது.
அதுதான் நூலில் நான் கண்ட பாம்பு.

"பிழை திருத்துகிறோம் என்றா நினைக்கிறார்கள்?"
"அணுக்கள் நினைப்பதில்லை" என்றாள் லான்.

ஓம், நினைத்திருக்காது.
நான் நினைத்தேனே.
இடப்பக்கம் ஒடிக்கும்போது
எவ்வளவு நிச்சயமாய் இருந்தேன்.

இப்போது ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில்
ஊசி.
இரண்டு வெள்ளிக்கு ஒருதரம்
சுகிர்தா என் வயிற்றில் குத்துகிறாள்,
குத்துமுன் தன் கண்ணை மூடிக்கொள்கிறாள்.
வேலையாட்கள் எல்லோரையும் மெதுவாக்குகிற மருந்து,
நல்லவனையும் சேர்த்துத்தான்.
ஜூனில் எனக்குச் சளி பிடித்து
ஆறு கிழமை விடவில்லை.
ஸ்டெரொயிட் காலத்தில்
விடிய மூன்று மணிக்கு
பழைய புட்டை நின்றபடியே தின்றேன்.

ஃபிரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட தாள்.
காலையில் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன்.
நீர் வற்றிவிட்டது. கோடுகள் நிமிர்ந்துவிட்டன,
வலக்கண்ணின் ஓர் ஓரத்தைத் தவிர.
அங்கே ஏழெட்டுக் கட்டம் இல்லை.
வளைந்து அல்ல, இல்லை.
தின்னப்பட்டது திரும்பாது என்று
லான் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

போன ஞாயிறு சுகிர்தா காரோட்ட
அந்தக் கிடங்குப் பக்கம் போனோம்.
கம்பெனி மூன்றாம் வரிசையைச் சுரண்டி அழித்து
நேராய்ப் போட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.
என் கோடு அப்படியே.
அதற்கு அடங்கி, லேசாய்க் கோணி,
யாருடையதோ ஒரு சிவப்புக் கொரோலா
நின்றுகொண்டிருந்தது.